கடைமடையிலிருந்து தொடங்குங்கள்: மலைப் பள்ளத்தாக்கில் அணையும் பாசனமும் திட்டமிடும் முறை

மலையடிவாரத்து ஊர்களில் அணைக் கோரிக்கை எழும்போது, ஊர்க்காரர்களும் சரி, பார்வையிட வரும் பொறியாளர்களும் சரி, முதலில் போய் நிற்பது இரண்டு குன்றுகள் நெருங்கி வரும் இடுக்கில்தான். இங்கே ஒரு சுவர் எழுப்பினால் அங்கே தண்ணீர் நிற்கும் என்பது யாருக்கும் கண்ணால் பார்த்தவுடன் புரிந்துவிடுகிறது. ஆனால் அணை எங்கே, எவ்வளவு உயரம் என்ற கேள்வி திட்டமிடலில் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வர வேண்டியது. அதை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த அணைக்கு ஏற்ற நீரையும் நிலத்தையும் பின்னர் தேடிய திட்டங்களில்தான் கடைமடை வயல்கள் காய்ந்து கிடப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். எனவே இந்த வழிகாட்டி வாய்க்காலின் கடைசி மடையில் தொடங்கி மேல்நோக்கிப் போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் உள்ள பள்ளத்தாக்குகளை மனத்தில் வைத்து, 10 முதல் 30 மீட்டர் உயர அணையும் சில ஆயிரம் ஏக்கர் ஆயக்கட்டும் (அணை நீர் பாயும் நிலப்பரப்பு) கொண்ட திட்டங்களுக்காக, இளம் பொறியாளர்களும் பாசன சபை நிர்வாகிகளும் பயன்படுத்தும் வகையில் எழுதுகிறேன்.

இந்த நீர் ஏற்கெனவே யாருடையது

முதல் வேலை நடை. மே மாதத்தில், ஓடை மிகவும் மெலிந்திருக்கும் நாள்களில், அது பெரிய ஆற்றிலோ கண்மாயிலோ சேரும் இடத்திலிருந்து மேல்நோக்கி நடக்க வேண்டும். வழியில் வரும் ஒவ்வொரு அணைக்கட்டு, தடுப்பணை, வாய்க்கால் தலைப்பு, கண்மாய், குடிநீர்க் கிணறு, ஆடுமாடு இறங்கித் தண்ணீர் குடிக்கும் துறை ஆகிய அனைத்தையும் கிராம வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் நஞ்சை என்று எழுதப்பட்டிருக்கும் நிலம் உண்மையில் எத்தனை போகம் விளைகிறது என்பதை அங்கேயே கேட்டு எழுத வேண்டும். நல்ல மலை ஓடை எதுவும் யாருக்கும் சொந்தமில்லாமல் ஓடுவதில்லை. வெள்ளக் காலத்தில் வீணாவதாகத் தோன்றும் நீரும் கீழே ஏதோ ஒரு கண்மாயை நிரப்பிக்கொண்டிருக்கும், அல்லது ஆற்று மணலுக்குள் இறங்கிக் கிணறுகளுக்கு ஊறிக்கொண்டிருக்கும்.

இந்தக் கணக்கை எந்த அலுவலகப் பதிவேட்டையும் விட நன்றாக அறிந்தவர், வயல்களுக்கு நீரைப் பங்கிட்டு விடும் ஊரின் நீர்பாய்ச்சி. ஒரு பள்ளத்தாக்கில் முதியவர் ஒருவர் என்னை வாய்க்கால் தலைப்புக்கு அழைத்துச் சென்று, மண்வெட்டியை நீருக்குள் நிறுத்தி, காம்பில் ஈரம் ஏறிய இடத்தைப் பெருவிரலால் தொட்டுக் காட்டினார். "இது வரைக்கும் வந்தா மூணு வாய்க்காலும் ஓடும் சார். இதுக்குக் கீழ இறங்கினா முறை வெச்சிருவோம், மேலூருக்கு மூணு நாள், எங்களுக்கு ரெண்டு நாள்" என்றார். அந்தக் காம்பின் ஈர அளவுதான் அந்தப் பள்ளத்தாக்கின் நீர் ஒப்பந்தம். அது எந்தக் கோப்பிலும் எழுதப்படவில்லை. இத்தகைய மாமூல் உரிமைகளை எல்லாம் எழுத்தில் கொண்டுவந்து, சம்பந்தப்பட்ட ஊர்க்கூட்டத்தில் வாசித்துக் காட்டி, திருத்தம் கேட்டு ஒப்புதல் பெற்ற பிறகே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். புதிய ஆயக்கட்டுக்கு வாக்களிக்கப்படும் நீர், இந்தப் பழைய பங்கையும் ஆறு ஆறாக இருக்கத் தேவையான குறைந்தபட்ச ஓட்டத்தையும் கழித்த பிறகு மிஞ்சுவது மட்டுமே.

வரத்தை அளப்பது

மலைப் பள்ளத்தாக்கில் மழை ஒரே சீராகப் பெய்வதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் நின்று பார்த்தால் தென்மேற்குப் பருவத்தில் மலைமுகட்டில் கருமேகம் திரண்டு நிற்கும். கீழே சாரலும் காற்றும்தான் கிடைக்கும். முகட்டுக்கு அப்பால் மேற்கே ஓடிய பெரியாற்று நீரைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பும் திட்டம் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறந்தது. பென்னிகுக் மேற்பார்வையில் 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை இன்றும் அந்தப் பள்ளத்தாக்கை வாழவைக்கிறது. ஆகவே அடிவாரத்து வட்டார அலுவலகத்தின் மழைமானிப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு மலைமேல் உள்ள நீர்பிடிப்பின் (மழைநீர் ஓடைக்கு வடிந்துவரும் பரப்பின்) வரத்தைக் கணிப்பது பெரும் பிழை. நீர்பிடிப்புக்குள்ளேயே அடிவாரம், இடைமலை, முகடு என மூன்று உயரங்களிலாவது மழைமானி வைத்து, குறைந்தது இரண்டு பருவங்களுக்கு அளந்து, அந்த அளவுகளை அருகிலுள்ள நிலையத்தின் 30 ஆண்டுக்கு மேற்பட்ட பதிவோடு ஒப்பிட்டு நீட்ட வேண்டும். வனத்துறையிடமும் தேயிலை, காப்பித் தோட்டங்களிலும் பழைய மழைக் குறிப்பேடுகள் கிடைக்கும். கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஓடையின் ஓட்டத்தை நேரடியாக அளப்பதற்கு, கோடைக் காலத்துக்கு 90 பாகைக் கோண வெட்டுள்ள தகடு ஒன்றே போதும். தகட்டை ஓடையின் குறுக்கே நீர் பக்கவாட்டில் ஒழுகாதபடி களிமண்ணால் அடைத்து நிறுத்தி, வெட்டின் முனையிலிருந்து நீர் மட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைத் தகட்டிலிருந்து சற்றுத் தள்ளி, நீர் வரும் பக்கத்தில் அளக்க வேண்டும். உயரம் 10 செ.மீ. என்றால் நொடிக்குச் சுமார் 4.4 லிட்டர், 20 செ.மீ. என்றால் சுமார் 25 லிட்டர். உயரம் இரட்டிப்பானால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் கூடுகிறது என்பதால், ஒரு செ.மீ. தவறும் பொறுக்கத்தக்கதன்று. காலையிலும் மாலையிலும் அளந்து எழுத உள்ளூர் இளைஞர் ஒருவரைச் சம்பளத்துக்கு நியமித்துவிட்டால், பின்னால் வரும் எல்லா வாதங்களுக்கும் அந்த நோட்டுப் புத்தகமே விடை சொல்லும். வெள்ள ஓட்டத்துக்குத் தகடு பயன்படாது. நேரான, பாறைத்தளமுள்ள இடத்தில் மட்ட அளவுகோல் நட்டு, ஓட்ட வேகத்தை அளந்து, மட்டத்துக்கும் ஓட்டத்துக்குமான அட்டவணையைத் தயாரிக்க வேண்டும்.

பாசனத் திட்டத்துக்குச் சராசரி ஆண்டின் வரத்தை எடுக்கக் கூடாது. நான்கு ஆண்டுகளில் மூன்றிலாவது கிடைக்கக்கூடிய அளவு, அதாவது 75 விழுக்காடு நம்பகமுள்ள வரத்தே நம் நாட்டில் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. கணக்கு எப்படிச் செல்கிறது என்பதற்கு ஒரு கற்பனை ஓடையை எடுத்துக்கொள்வோம். நீர்பிடிப்பு 40 சதுர கி.மீ., நம்பத்தக்க ஆண்டு மழை 900 மி.மீ., அதில் ஓடையாக வருவது 35 விழுக்காடு என்றால், ஆண்டு வரத்து 126 லட்சம் கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 445 மில்லியன் கன அடி. பழைய பாசனத்துக்கு 30 லட்சம், ஆற்றின் இயல்பான ஓட்டத்துக்கு 13 லட்சம், ஆவியாதலுக்கும் கசிவுக்கும் 9 லட்சம் எனக் கழித்தால் 74 லட்சம் கன மீட்டர், அதாவது 261 மில்லியன் கன அடி மிஞ்சும். 445 என்ற எண் 261 ஆகச் சுருங்கிவிடுகிறது. திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் இடம்பெற வேண்டிய எண் இந்த 261-தான். மேடைகளில் பேசப்படுவதோ எப்போதும் அந்த 445.

நிலமும் பயிரும்

இந்த 74 லட்சம் கன மீட்டரால் எத்தனை ஏக்கர் விளையும் என்பது பயிரையும் பாய்ச்சும் முறையையும் பொறுத்தது. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நஞ்சை 14,707 ஏக்கர். அதன் முதல் போகத்துக்கு ஜூன் மாதத்தில் தொடங்கி 120 நாள்களுக்கு நொடிக்கு 200 கன அடி வீதம் திறப்பது வழக்கம். வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்குச் சுமார் 1,41,000 கன அடி. அதாவது அணையிலிருந்து திறக்கும் நீரை அந்த வயல்களில் பரப்பினால் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழம். மழையும் கிணறும் இதற்கு மேல் துணை. இதே அளவில் நெல் நட்டால் நம் கற்பனைத் திட்டம் சுமார் 1,850 ஏக்கருக்குப் போதும். வேருக்கு 450 மி.மீ. தேவைப்படும் மக்காச்சோளத்தை, பாதிக்குச் சற்று மேல் மட்டுமே வயலை அடையும் மண் வாய்க்காலில் பாய்ச்சினால் சுமார் 2,200 ஏக்கர். அதே பயிருக்குக் குழாயில் கொண்டுபோய்ச் சொட்டுநீராகக் கொடுத்தால் சுமார் 3,650 ஏக்கர். அணையின் உயரத்தில் ஒரு செங்கல் கூடக் கூடாமல் ஆயக்கட்டு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது.

அதனால்தான் பயிர் முறையை உழவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யாமல் வாய்க்காலின் அளவை வரையக் கூடாது என்கிறேன். நெல்லுக்குப் பழகிய ஊரில் காகிதத்தில் மக்காச்சோளம் என்று எழுதிவிட்டு ஏக்கர் கணக்கை உயர்த்தினால், தலைமடைக்காரர் நெல்தான் நடுவார். கடைமடைக்காரரின் பங்கு அதில் மூழ்கிவிடும். பெரிய திட்டங்களிலும் இந்த நெருக்கடி வந்திருக்கிறது. 1955-இல் முடிந்த பவானிசாகர் அணையின் கீழ்பவானித் திட்டத்தில் 2,07,000 ஏக்கருக்கும் ஒரே சமயத்தில் நெல்லுக்கு நீர் தர இயலாது என்பதால், மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை எனப் பிரித்து, ஒரு பாதிக்கு நன்செய்ப் பயிருக்கும் மறு பாதிக்குப் புன்செய்ப் பயிருக்கும் ஆண்டுக்கு ஆண்டு மாற்றித் தரும் முறைப்பாசனம் உருவானது. முறை வைப்பது என்பது தோல்வியன்று. தொடக்கத்திலேயே மதகு அமைப்பில் அதற்கு இடம் வைத்தால் அதுவே நீதியான பங்கீடு.

மண்ணைப் பார்க்காமல் ஆயக்கட்டு எல்லையை வரையாதீர்கள். நிலம் மாறும் இடம் தோறும் ஒன்றரை மீட்டர் ஆழக் குழி வெட்டி, இறங்கி நின்று பக்கச் சுவரைப் பார்க்க வேண்டும். ஒரு சரிவில் மேலே ஒன்றரை அடி செம்மண்ணும், கீழே கையால் கிள்ளினால் உதிரும் சரளையும் இருப்பதைக் கண்டு, குழியை நீரால் நிரப்பிவிட்டு மதிய உணவுக்குப் போனோம். திரும்பி வந்தபோது குழியில் ஈரம் மட்டுமே இருந்தது. அறிக்கையில் நெல் என்று எழுதப்பட்டிருந்த அந்த நிலத்தைத் தென்னைக்கும் மாவுக்கும் மாற்றினோம்.

இடுக்கும் பாறையும்

நீரும் நிலமும் தெரிந்த பிறகு இப்போது அந்த இடுக்குக்குப் போகலாம். நல்ல இடத்தின் இலக்கணம் எளிது: வாய் குறுகலாகவும், உட்புறம் அகன்று தட்டையாகவும், ஆயக்கட்டைவிட உயரத்திலும் இருக்க வேண்டும். சமஉயரக் கோட்டு வரைபடத்தில் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் நீர்ப்பரப்பையும் கொள்ளளவையும் கணக்கிட்டு ஒரு வளைவு வரைந்தால், எந்த உயரத்துக்கு மேல் கூடுதல் நீரைவிடக் கூடுதல் செலவும் மூழ்கும் நிலமும் வேகமாக ஏறுகின்றன என்பது தெரிந்துவிடும். இருபுறமும் உறுதியான பாறை நெருங்கி நிற்கும் இடத்தில் காங்கிரீட் அணை பொருந்தும்; இடுக்கியில் குறவன், குறத்தி என்னும் இரு மலைகளுக்கு நடுவே வளைவு அணை எழுந்தது அத்தகைய பாறையால்தான். அகன்ற வாயும் அருகில் நல்ல களிமண்ணும் இருந்தால் மண் அணையே சிக்கனம்.

ஆனால் மேலே தெரியும் பாறையை நம்பி முடிவெடுப்பது ஆபத்து. இலங்கையின் மலைநாட்டில் வளவை ஆற்றின் மேல் கட்டப்பட்ட சமனலவெவ நீர்த்தேக்கம் 1992-இல் நிரப்பப்பட்டபோது, அணையில் எந்தக் குறையும் இல்லாமல், வலது கரை மலையின் சுண்ணாம்புப் பாறை இடுக்குகள் வழியே நீர் வெளியேறியது. கசிவை அடைக்கப் பெருமுயற்சி செய்தும் அது முழுமையாக நிற்கவில்லை. அந்தக் கசிவு நீரே கீழேயுள்ள கல்தொட்ட வயல்களுக்குப் பாசனமாகிறது. ஆற்றுப்படுகையில் மட்டும் துளையிட்டால் போதாது, இரு கரை மலைகளுக்குள்ளும் துளையிட்டு, ஒவ்வொரு ஆழத்திலும் அழுத்தத்தோடு நீரைச் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நீர்த்தேக்கத்தின் சுற்றுச் சரிவுகளையும் அதே கவனத்தோடு ஆராய வேண்டும். இத்தாலியின் வயோந்த் பள்ளத்தாக்கில் 1963 அக்டோபர் 9 அன்று இரவு, 25 கோடி கன மீட்டருக்கு மேற்பட்ட மலைச்சரிவு நீர்த்தேக்கத்துக்குள் சரிந்தது. எழுந்த அலை 262 மீட்டர் உயர அணையைத் தாண்டிப் பாய்ந்து கீழிருந்த ஊர்களை அழித்தது. ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள். அணை இன்றும் நிற்கிறது. சாய்ந்து வளர்ந்த மரங்கள், சரிவில் பிறை வடிவத்தில் ஓடும் பழைய வெடிப்புகள், திடீரெனத் தோன்றும் ஊற்றுகள், ஒவ்வொரு மழைக்கும் விரியும் வீட்டுச் சுவர்கள் ஆகியவை நகரும் மலையின் அடையாளங்கள். நீர்த்தேக்கத்தின் மட்டம் ஏறி இறங்கும்போது சரிவின் அடிப்பகுதி ஊறி வலுவிழக்கும் என்பதால், இவற்றைக் கண்ட இடத்தில் அணையின் உயரத்தைக் குறைப்பதோ இடத்தையே மாற்றுவதோதான் நேர்மையான முடிவு.

வண்டலும் வெள்ளமும்

மலை ஓடை நீரோடு மண்ணையும் கொண்டுவரும். எத்தனை ஆண்டு வண்டலுக்கு இடம் விடுகிறோம் என்பதை முடிவு செய்து, அந்த மட்டத்துக்கு மேல்தான் பாசன மதகை வைக்க வேண்டும். அதன் கீழ் உள்ள நீரை நம் கணக்கில் சேர்க்கக் கூடாது. முல்லைப் பெரியாற்றில் 104 அடிக்குக் கீழே உள்ள நீர் தமிழகத்துக்கு வராது என்பதை அங்குள்ள உழவர்கள் குழந்தைப் பருவத்திலேயே அறிவார்கள். சரிவில் காய்கறிக்காக ஆண்டுதோறும் மண்ணைக் கொத்தும் நீர்பிடிப்புக்கும், காடு மூடிய நீர்பிடிப்புக்கும் வண்டல் அளவு பல மடங்கு வேறுபடும். காட்டைக் காப்பதற்குச் செய்யும் செலவை அணையின் செலவாகவே திட்டத்தில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெள்ளத்தைப் பொறுத்தவரை முதல் கணிப்புக்கு, நீர்பிடிப்பின் பரப்பிலிருந்து உச்ச வெள்ளத்தைக் கணிக்கும் ரைவ்ஸ் சூத்திரம் தென்னாட்டில் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. நம் 40 சதுர கி.மீ. நீர்பிடிப்புக்கு, மலையருகுப் பகுதிக்கான 10.2 என்ற கெழுவைக் கொண்டால், நொடிக்குச் சுமார் 120 கன மீட்டர், அதாவது 4,200 கன அடி வரும். இது வாசல் மட்டுமே. இந்தியத் தர விதிகளின்படி, கொள்ளளவு 1 கோடி கன மீட்டருக்கு உட்பட்ட, நீர்மட்ட உயரம் 12 மீட்டருக்கு மேற்படாத சிறு அணைக்கு நூறாண்டு வெள்ளத்தையும் (சராசரியாக நூறு ஆண்டுக்கு ஒரு முறை எதிர்பார்க்கத்தக்கது), 6 கோடி கன மீட்டர் வரையும் 30 மீட்டர் வரையும் உள்ள நடுத்தர அணைக்கு அதைவிடக் கடுமையான திட்ட வெள்ளத்தையும் (அந்த வட்டாரத்துக்கு இயல்பான மிகக் கடுமையான மழையை வைத்துக் கணிப்பது) தாங்கும்படி மிகைநீர்ப் போக்கி அமைய வேண்டும். கொள்ளளவும் உயரமும் வெவ்வேறு வகையைக் காட்டினால் உயர்ந்த வகையையே கொள்ள வேண்டும். கீழே ஊர் இருந்தால் அதற்கும் மேலே போகத் தயங்கக் கூடாது. திண்டுக்கல் பகுதியின் குடகனாறு அணை 1977 நவம்பர் வெள்ளத்தில், மண் கரையின் மேல் நீர் புரண்டு உடைந்தது. காங்கிரீட் அணை மேல்வழியும் நீரைச் சற்று நேரம் பொறுக்கும்; மண் அணை பொறுக்காது. இரவில் ஷட்டரை இயக்க ஆள் போய்ச் சேர முடியாத மலைப்பகுதியில், ஷட்டர் இல்லாமல் தானாகவே வழியும் கலிங்கே பாதுகாப்பு.

வாய்க்கால், குழாய், மனிதர்

மலையோரமாக வெட்டப்படும் வாய்க்காலுக்குப் பகை மேலிருந்து வரும் மழைநீர். குறுக்கே வரும் ஒவ்வொரு சிறு ஓடைக்கும் வாய்க்காலின் மேலாகவோ கீழாகவோ வழி விட வேண்டும். ஒன்றை விட்டாலும் முதல் பெருமழையில் அந்த இடத்தில் கரை போய்விடும். மலைப் பக்கத்தில் வெட்டும் தனி வடிகால், வாய்க்காலின் ஆயுளையே கூட்டும். சரிவு மிகும் இடங்களில் குழாயே சிறந்தது. ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ அழுத்தம் இலவசமாகக் கிடைப்பதால், மோட்டார் இல்லாமலேயே சொட்டுநீர்ப் பாசனம் இயங்கும். நீரை வடிகட்டும் தொட்டிக்கு மட்டும் சரியான இடமும் பராமரிப்பு ஆளும் வேண்டும். மண் வாய்க்காலுக்குக் காங்கிரீட் பூசுவதற்கு முன், அந்தக் கசிவை நம்பி எத்தனை கிணறுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கீழ்பவானி வாய்க்காலில் காங்கிரீட் தளம் அமைப்பதற்கு உழவர்களில் ஒரு பகுதியினர் எதிர்ப்புத் தெரிவித்ததற்குக் காரணம் இந்தக் கிணறுகளே.

மூழ்கும் நிலம் காடாக இருந்தால் 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மைய அரசின் ஒப்புதலும், வன உரிமைச் சட்டம் 2006-இன்படி அங்கு வாழும் மக்களின் உரிமைகள் தீர்க்கப்பட்டுக் கிராம சபை இசைவும் தேவை. தனியார் நிலத்துக்கு 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் பொருந்தும். இவற்றைத் தடைகளாக எண்ணி இறுதிக்குத் தள்ளிப் போடுபவர்கள் ஆண்டுகளை இழக்கிறார்கள். எல்லாவற்றையும் விட, நிலத்தை இழப்பவருக்குப் புதிய ஆயக்கட்டில் முதல் பங்கு தர முடியுமா என்பதை வரைபடம் போடும்போதே பார்க்க வேண்டும். பாசன சபையையும் அணை முடிந்த பிறகு பெயருக்கு அமைக்காமல், வாய்க்கால் தடத்தைக் கோடு போடும் நாளிலேயே அமைத்துவிடுவது நல்லது. மடை எந்த வரப்பில் வர வேண்டும் என்பதில் அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

முதல் நிரப்பல்

அணையின் வாழ்நாளில் மிகவும் ஆபத்தான காலம் முதன்முறை நிரம்பும் காலம். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் மண் அணை 1976 ஜூன் 5 அன்று முதல் நிரப்பலின்போதே, பாறை வெடிப்புகள் வழியே நீர் அரித்து, சில மணி நேரத்தில் உடைந்தது. எனவே நிரப்பும் வேகத்தை முன்கூட்டியே எழுதி வைத்து, குறிப்பிட்ட மட்டங்களில் நிறுத்தி, சில நாள்கள் காத்திருந்து பார்க்க வேண்டும். வேண்டும்போது மட்டத்தைக் குறைக்கும் அளவுக்கு அடிமதகு பெரிதாக இருப்பது கட்டாயம். அணையின் கீழ்ப்புற அடியில் கசிவு நீர் சேரும் இடத்தில், நாம் கோடையில் ஓடையில் வைத்த அதே கோண வெட்டுத் தகட்டை நிறுத்தி, நாள்தோறும் அளந்து, ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தெளிந்த கசிவு மட்டத்தோடு சேர்ந்து சிறிது கூடுவது இயல்பு. அளவு திடீரென ஏறினாலோ, குவளையின் அடியில் மண் படிந்தாலோ, அந்த நிமிடமே நிரப்புவதை நிறுத்தி அடிமதகைத் திறக்க வேண்டும்.

முதல் பாசனத் திறப்புக்குத் தலைமடையில் விழா வைப்பது வழக்கம். விழா நடக்கட்டும், ஆனால் அன்று எல்லாக் கிளை மடைகளையும் அடைத்துவைத்து, வாய்க்காலில் பாதி அளவு மட்டும் விட்டு, கரையோரம் நடந்தபடியே நீரைக் கடைசி மடை வரை கொண்டுபோக வேண்டும். அங்கே நீர் எத்தனை மணி நேரத்தில் வந்தது, எவ்வளவு வந்தது என்று குறித்துக்கொண்டு, கடைசி மடையை முதலில் திறந்து, பிறகு ஒவ்வொன்றாக மேல்நோக்கித் திறந்துகொண்டே வர வேண்டும்.